துனாயி மேற்கே போன வருஷம்

அந்த வருஷம் மார்ச் மாதம் பிறந்ததிலிருந்து காற்று ஓயவே இல்லை. தெற்கிலிருந்து அடிக்கும், ஒருநாள் தணிந்தது போல இருக்கும், மறுநாள் வடக்கிலிருந்து திரும்பி அடிக்கும். மண்ணில் நல்ல ஈரம் இருந்தது. உழ வேண்டிய நேரம். ஆனால் எங்கள் கல்லோடைக் கரையில் பாதி ஆண்களுக்கு ஏரில் கை தரிக்கவில்லை. சால் முடிகிற இடத்தில் மாட்டை நிறுத்திவிட்டு மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பக்கம் பொன் அள்ளுகிறார்கள் என்று பேச்சு. கலிஃபோர்னியா என்கிற அந்த இடத்தின் பெயர் எங்கள் செரோக்கி நாக்குக்கு வசப்படாது. ஆளுக்கொரு விதமாகச் சொன்னோம். சொல்லாத ஆள் மட்டும் கிடையாது.

துனாயிக்கு அந்தப் பெயர்கூடத் தேவைப்படவில்லை. "அங்கன" என்பான். எல்லோருக்கும் புரியும்.

அவன் ஐல்சியின் புருஷன். வீடு ஐல்சியுடையது, சோளக்காடும் அவளுடையது, எங்களில் அப்படித்தான். புருஷன் என்பவன் கோடரியும் துப்பாக்கியுமாக வந்து சேர்கிறவன். துனாயி கைவேலையில் குறை சொல்ல முடியாதவன். உட்காரத்தான் தெரியாது. சிப்பாய்கள் எங்களைப் பழைய ஊரிலிருந்து கிளப்பி இந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு வந்து விட்ட பிறகு, அவளுக்கு முதலில் ஆற்றோரம் ஒரு வீடு கட்டினான். கொசு என்றான். மேட்டில் ஒன்று கட்டினான். காற்று என்றான். கடைசியில் ஓடைக்கரையில் கட்டியதுதான் இது. ஒவ்வொரு தடவையும் மர உரலை உருட்டிக்கொண்டு பின்னால் போனவள் ஐல்சி. "இதுக்கு மேல உருட்டினா உரலுக்குக் கால் முளைச்சிரும்" என்று அவள் சொன்னது எங்கள் பக்கத்தில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது.

ஆர்கன்சா வெள்ளைக்காரர்களும் எங்கள் ஆட்களும் சேர்ந்து மேற்கே புறப்பட ஒரு வண்டிக் கூட்டம் கூடுகிறது என்று அந்த வாரம் தகவல் வந்திருந்தது. துனாயி ஒன்றும் சொல்லாமல் வேலிக்கு மரம் பிளந்துகொண்டிருந்தான். ஆப்பை வைத்துச் சம்மட்டியைத் தூக்கினால் அடி ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்கும். ஐல்சியின் தங்கை நேக்கி, மடி நிறையக் காட்டு வெங்காயம் பிடுங்கிக்கொண்டு வந்தவள், நின்று பார்த்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

"அத்தான், இந்த மரம் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு? இப்படிப் போட்டு அடிக்கிறீங்க."

"வேலி வேணும்ல."

"மூணு பக்கமும் வேலி போட்டாச்சு. மேக்குப் பக்கம் மட்டும் திறந்து கெடக்கே. அது என்ன, ஓடிப் போறதுக்கா?"

"உங்க அக்கா கேக்கச் சொன்னாளா?"

"அக்கா எதுக்குக் கேக்கணும்? நீங்க ஏரைத் தொட்டு அஞ்சாறு நாளாச்சுன்னு மாடே சொல்லுது."

வீட்டுக்குள் ஐல்சி உலக்கை போட்டுக்கொண்டிருந்தாள். இவர்கள் பேசுவது கேட்டிருக்கும். உலக்கைச் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி விழுந்தது.

அந்த நேரத்தில்தான் கோவேறு கழுதையின் மேல் ஒரு வெள்ளைக்காரன் ஓடையைத் தாண்டி வந்தான். ஒரு கால் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. இறங்குவதற்குள் அவன் பட்ட பாட்டைப் பார்த்துத் துனாயி சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கை கொடுத்தான். தொப்பியைக் கழற்றியதும் வழுக்கை. துனாயி வயசுதான் இருக்கும். பெயர் ரூஃபஸ் மேபின் என்றான்; ஜார்ஜியாவிலிருந்து வருவதாகச் சொன்னான்.

"சதூகா ஓடை ஆளுங்க இங்க யாராவது இருக்காங்களான்னு கடையில கேட்டேன். இந்த வீட்டைக் காட்டினாங்க" என்றான்.

துனாயிக்கு இங்கிலீஷ் புரியும். அடைபட்டுக் கிடந்த இடத்தில் காவல்காரர்களிடம் கற்றுக்கொண்டது. எங்கள் பழைய ஊர்ச் சதூகா ஓடையில் எங்கள் ஆட்கள் பொன் அரித்துக்கொண்டிருந்த காலத்தில், உங்கள் ஓடையில் நீங்கள் தோண்டக் கூடாது என்று திடீரென்று ஒரு சட்டம் வந்தது. இருபது வயதுகூட நிரம்பாத துனாயியைப் பொன் அரிக்கிற தட்டும் கையுமாகப் பிடித்துக்கொண்டு போய் ஒரு மழைக்காலம் முழுக்க அடைத்து வைத்திருந்தார்கள். அப்புறம் அந்த நிலத்தையெல்லாம் துண்டு போட்டுச் சீட்டுக் குலுக்கி வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள்.

சதூகா என்ற பேரைக் கேட்டதும் உள்ளே உலக்கை நின்றுவிட்டது.

"சாப்பிடச் சொல்லு" என்று ஐல்சி உள்ளிருந்தபடியே சொன்னாள்.

காட்டு வெங்காயத்தைப் பன்றிக் கொழுப்பில் வதக்கி முட்டை உடைத்து ஊற்றினாள். சோளத்தோகையில் பொதிந்து வேகவைத்த பயற்று ரொட்டி முதல்நாள் செய்தது இருந்தது. மேபின் பசியோடு சாப்பிட்டான். நன்றாகச் சாப்பிடுகிற ஆளை வெறுப்பது கஷ்டம். அவன் முகத்தில் கள்ளமும் இல்லை. மெக்சிகோச் சண்டைக்குப் போய்க் காலைக் கெடுத்துக்கொண்டது, வந்து பார்த்தால் பெண்டாட்டி அவள் அண்ணன் வீட்டோடு போய்விட்டது எல்லாவற்றையும் வாயில் ரொட்டியோடு அவனே சொன்னான். நேக்கி அக்காவுக்காக ஒவ்வொன்றாய்ச் செரோக்கியில் பெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சதூகாவுல எந்த இடம்னு கேளு" என்றாள் ஐல்சி.

"ஓடை ரெண்டாப் பிரியுற இடத்துக்கு மேல" என்றான் மேபின். "சீட்டுல எனக்கு விழுந்துச்சு. நான் பண்ணின புண்ணியம்னு நினைச்சேன். வந்து பாத்தா நல்ல வீடு, ஆனா யாருமில்ல. அடுப்புல கங்குகூட அணையல."

நேக்கி அதைச் சொல்லும்போது துனாயி தட்டைக் கீழே வைத்தான். ஐல்சியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அடுப்புல பயறு இருந்துச்சான்னு கேளு."

மேபின் யோசித்தான். "இருந்துச்சு. ஒரு பானை."

"வெந்திருந்துச்சா?"

நேக்கி கேட்டாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ரொட்டியை மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. ஐல்சியைப் பார்த்தான், துனாயியைப் பார்த்தான்.

"வெந்திருந்துச்சு அம்மா. நாங்க சாப்பிட்டோம்."

"சரி" என்றாள் ஐல்சி. "வேகறதுக்குள்ள கிளப்பிட்டாங்களேன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

மேபின் எழுந்து போய்விடுவான் என்று நேக்கி நினைத்தாளாம். அவன் போகவில்லை. போக இடமில்லாதவன் எங்கே போவான்? ஐல்சிதான் மறுபடியும் கேட்டாள்.

"வீட்டுக்குப் பின்னாடி சரிவுல பீச் மரம் வச்சிருந்தோம். அது நிக்குதான்னு கேளு."

இதற்கு அவன் சட்டென்று பதில் சொன்னான். நல்ல விஷயம் ஒன்று சொல்லக் கிடைத்ததே என்று இருந்திருக்கும். ரெண்டு வருஷம் பழம் தின்றார்களாம், தேன் மாதிரி இருந்ததாம். அப்புறம் மண்ணுக்குள் பொன் ஓடுகிற கோடு அந்தச் சரிவுக்கு அடியில் போனதால் மரங்களைப் பெயர்த்துவிட்டு, மேட்டிலிருந்து வாய்க்கால் கொண்டுவந்து தண்ணீரை விட்டு, சரிவு முழுவதையும் கரைத்து அரித்தார்களாம். இப்போது அங்கே சரிவே இல்லை, வெறும் சரளைக்கல். பொன்னும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

நேக்கி வாயைத் திறந்தாள், மூடினாள்.

"என்னடி சொல்றான்?"

"மரம் நிக்குதாம்க்கா. நல்லாக் காய்க்குதாம்."

ஐல்சி தங்கையைப் பார்க்கவில்லை. துனாயியைப் பார்த்தாள். அவன் எழுந்து வெளியே போனான். அந்தப் பீச் மரங்களில் ஒன்றின் அடியில்தான் அவர்களுடைய முதல் பிள்ளை கிடந்தான். நடக்கப் பழகியிருந்த பையன். அவர்களை ஓட்டி வருவதற்கு முந்தின குளிர்காலத்தில் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. வெளியே சம்மட்டி ஒரே சீராக விழ ஆரம்பித்தது. ஐல்சி மேபினின் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள்.

போகும்போது மேபின் துனாயியிடம், தான் வந்த காரியத்தைச் சொன்னான். மண்ணைப் பார்த்ததும் பொன் இருக்குமா இருக்காதா என்று சொல்லத் தெரிந்த ஆள் தன் வண்டிக்கு வேண்டும். பாதிப் பங்கு. வழிச்செலவு தன்னுடையது. வெள்ளிக்கிழமை கூட்டம் புறப்படுகிறது.

துனாயி சரி என்று தலையை ஆட்டினான்.

மறுநாள் ஐல்சியின் அண்ணன் குல்சுட்டி வந்தார். கனத்த உடம்பு, மெதுவாகப் பேசுகிற ஆள். எங்களில் பிள்ளைகளுக்கு அப்பனைவிடத் தாய்மாமன் பெரிசு. தங்கச்சி வீட்டில் ஒன்று என்றால் அவர் வராமல் தீராது. வந்தவர் நேரே காட்டுக்குப் போய், நின்றிருந்த ஏரைப் பிடித்து நாலு சால் ஓட்டினார். துனாயி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பொறுக்க முடியாமல் போய் மேழியை வாங்கினான்.

"விடுங்க மச்சான். நான் ஓட்றேன்."

"ஓட்டு மாப்ள. நீ ஓட்டணும்னுதானே நான் ஓட்டினேன்." குல்சுட்டி வரப்பில் உட்கார்ந்து புகையிலைக் குழாயைப் பற்றவைத்தார். காற்றில் அது சுலபத்தில் பற்றவில்லை. "அங்கன யாரு இருக்காங்கன்னு கேட்டியா?"

"எங்கன?"

"நீ போற இடத்துல."

"யாரும் இல்லையாம். வெறும் காடும் மலையுமாம்."

"சதூகாவுலயும் யாரும் இல்லன்னுதான் மேபின்கிட்டச் சொல்லிச் சீட்டுக் குடுத்திருப்பாங்க."

துனாயி மாட்டை நிறுத்தினான். "மச்சான், அவன் தோண்டினது என் பிள்ளையை. அலசி அரிச்சு, சரளையில கொட்டிருக்கான். எனக்கு ஒண்ணும் பாத்தியதை இல்லையா? அவன் கூடவே போயி, அவன் வண்டியிலயே ஏறி, என் பங்கை நான் எடுத்துட்டு வந்தா என்ன தப்பு?"

"சதூகாவுல எடுத்தா உன் பங்கு. நீ போற பூமி மெக்சிகோக்காரன்கிட்டச் சண்டை போட்டுப் புடுங்கினது. அவன் அதுக்கு முன்னாடி எவன்கிட்டப் புடுங்கினானோ. அதுல உன் பங்கு எங்கருந்து வந்துச்சு?"

"எல்லாரும் எடுக்கிறான்."

"ஆமா. எல்லாரும் எடுக்கிறான்" என்று குல்சுட்டி ஒத்துக்கொண்டார். ஐல்சியின் பிள்ளைகள் ரெண்டு பேரும் ஓடிவந்து மாமா மடியில் ஏறினார்கள். அவர் சாயங்காலம் வரை இருந்து, போகும்போது தங்கையிடம், "அவன் கால் ஏற்கெனவே கிளம்பிருச்சு. ஆளைப் புடிச்சு வச்சு என்ன செய்யப் போற?" என்று மட்டும் கேட்டார்.

ஐல்சி புருஷனோடு சண்டை போட்டது விதைச் சோளம் உதிர்க்கும்போது. வாசலில் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். கதிரோடு கதிரைத் தேய்த்து முத்துகளைக் கூடையில் உதிர்த்துக்கொண்டே பேசினார்கள். நேக்கி உள்ளே பிள்ளைகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"மரம் நிக்குதுன்னு நேக்கி சொன்னா."

துனாயி அடுத்த கதிரை எடுத்தான்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. உன் மூஞ்சி தெரியும்யா. எத்தனை வருஷமா பாக்கிறேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்கிற?"

"நீ சொல்லணும்னுதான்."

"ஒண்ணும் இல்ல அங்கன. சரிவே இல்ல."

அவள் கையில் இருந்த கதிரை முழுவதும் உதிர்த்து முடித்தாள். வெறும் சக்கையை ஓரமாகப் போட்டாள். "நான் ஒருநாள் போயிப் பாக்கலாம்னு நினைச்சுட்டிருந்தேன். கிறுக்கச்சி."

"ஐல்சி, அதான் சொல்றேன். திரும்பிப் போறதுக்கு இனிமே ஒண்ணும் கெடையாது. முன்னால போறதுக்காவது..."

"முன்னாலன்னு எதைச் சொல்ற? அந்தப் பக்கமும் எவளாவது ஒருத்தி அடுப்புல பயறு வச்சிருப்பா. அது வேகறதுக்குள்ள நீ போயி நிப்ப. அதானே முன்னால?"

"நான் அப்படிப்பட்ட ஆளா?"

"மேபின் மட்டும் எப்படிப்பட்ட ஆளு? நல்ல மனுஷன்தான். என் கையால சாப்பிட்டான். கண்ணு கலங்கிச்சு அவனுக்கு, பாத்தேன்."

"என்னால இங்க உக்கார முடியல ஐல்சி." கையிலிருந்த கதிரை உதிர்க்காமலே கீழே வைத்தான். "ஏரைப் புடிச்சா யாரோ பின்னாடி வந்து கையைத் தட்டிவிடப் போறான்னே இருக்கு. எதுக்கு விதைக்கணும்? எவன் அறுக்கப் போறான்? நடந்துக்கிட்டே இருந்தா அந்த நினைப்பு வரல."

அவன் வீடு மாற்றி மாற்றிக் கட்டினது எதனால் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியதாக நேக்கி பிற்பாடு எங்களிடம் சொன்னாள்.

"போ" என்றாள் கடைசியில். "நான் கையைப் புடிக்கல. ஆனா விதைப்பை விட்டுட்டுப் போறவனைப் புருஷன்னு காத்துட்டிருக்க மாட்டேன். திரும்பி வந்தா விருந்தாளியா வா. கஞ்சி ஊத்துவேன். வழிப்போக்கனுக்கெல்லாம் ஊத்துறேன், உனக்கு ஊத்த மாட்டேனா?"

வெள்ளிக்கிழமை அவன் போனான். மேற்குப் பக்க வேலியை அடைத்துவிட்டுத்தான் போனான். கூட்டம் புறப்பட்டதைப் பார்க்க எங்கள் பக்கத்திலிருந்து எல்லோரும் போயிருந்தோம். மாடுகள், கோவேறு கழுதைகள், வெள்ளைத் துணி போர்த்திய வண்டிகள். பாட்டுப் பாடினவர்களும் உண்டு, அழுதவர்களும் உண்டு. ஐல்சி வரவில்லை. அன்றைக்குச் சோளம் ஊன்றிக்கொண்டிருந்தாள். மண்ணை மேடு கூட்டி, மேட்டுக்கு ஒரு பிடி விதை. நேக்கி பின்னாலேயே பயற்றையும் பூசணி விதையையும் போட்டுக்கொண்டு போனாள். காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் குனிந்திருந்த அவர்களுக்கு வண்டிச் சத்தம் கேட்டிருக்காது என்று சொல்ல முடியாது.

அந்தக் கோடை கொடிய கோடை. ஓடை குட்டை குட்டையாக நின்றுவிட்டது. ஐல்சி தண்ணீர் சுமந்து ஊற்றினாள், களை கொத்தினாள், அணில்களையும் காக்கைகளையும் விரட்டப் பிள்ளைகளைப் பரண்மேல் உட்காரவைத்தாள். குல்சுட்டி வாரம் ஒருமுறை வந்து விறகு வெட்டிப் போட்டார். மேற்கிலிருந்து வருகிறவர்கள் வாந்திபேதியைப் பற்றித்தான் சொன்னார்கள். பாதையோரம் புதைத்துப் புதைத்து மண்வெட்டி தேய்ந்துபோனது என்றார்கள். யார் எவர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஐல்சி யாரிடமும் துனாயியைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் மேற்கிலிருந்து வருகிற யாரும் அவள் வீட்டில் சாப்பிடாமல் தாண்டிப்போனது கிடையாது.

பச்சைச் சோளப் பண்டிகை வந்தது. அன்றைக்கு ஊரில் பழைய சண்டை, பழைய குற்றம் எல்லாம் தள்ளுபடி. பழைய நெருப்பை அணைத்துப் புது நெருப்பு மூட்டுவார்கள். ஐல்சி ஆடினாள். ஆமையோட்டுச் சலங்கையைக் காலில் கட்டிக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு, வேர்க்க வேர்க்க ஆடினாள். எங்களில் மனைவியை இழந்த ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தோம். அவர் மறுநாள் ஒரு மான் தொடையோடு அவள் வாசலுக்குப் போனார். ஐல்சி அதை வாங்கிக்கொண்டாள், உட்காரச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பண்டிகை முடிந்து சில நாள் கழித்து, ஒரு முற்பகலில், துனாயி வந்தான்.

நடந்து வந்தான். பாதி ஆளாக இருந்தான். காலில் செருப்புக்குப் பதில் காட்டெருமைத் தோலைச் சுற்றிக் கட்டியிருந்தான். வேலியைத் தாண்டி உள்ளே வரவில்லை. வேலிக்கு வெளியே இருந்த சோளக் குதிர் ஓரமாக வந்து வெயிலிலேயே உட்கார்ந்தான். பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியவில்லை. சின்னவள் அம்மாவிடம் ஓடி, "யாரோ வந்திருக்காங்க" என்றாள்.

ஐல்சி வந்து பார்த்தாள். உள்ளே போய், காட்டுக் கொட்டையை இடித்துக் காய்ச்சிய கஞ்சியை ஒரு சுரைக் குடுக்கையில் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். அவன் குடித்தான். இன்னொரு தடவை ஊற்றினாள். அதையும் குடித்தான். நேக்கி வாசலில் சாய்ந்து நின்றாள்.

"பண்டிகைக்கு முன்னாடி வந்திருந்தா எல்லாத் தப்பும் தள்ளுபடி ஆயிருக்கும் அத்தான். கொஞ்சம் பிந்திட்டீங்க."

"எனக்கு நடை வரல நேக்கி."

"அது உங்களுக்கா வரல?"

அவன் சிரித்தான். பல்லில் ஒன்று போயிருந்தது.

ஐல்சி ஒரு கட்டையை இழுத்துப் போட்டு, கொஞ்சம் தள்ளி, பயற்றங்காய் உரிக்க உட்கார்ந்தாள். "கலிஃபோர்னியா பாத்தியா?"

"இல்ல. அவ்வளவு தூரம் போகல. பெரிய மலை தொடங்குற எடத்துல நின்னுட்டேன். அங்க ஒரு ஓடை. மாட்டுக்கு ஓய்வு குடுக்கலாம்னு நிறுத்தினாங்க. மேபின், தட்டை எடுத்துட்டுப் போயிப் பாருன்னான். போனேன்."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு. கடுகுல பாதி. தட்டோட ஓரத்துல நாலஞ்சு மினுங்கிச்சு." அவன் தன் கையைப் பார்த்தான். "பொய் சொல்ல மாட்டேன் ஐல்சி. உடம்பெல்லாம் சந்தோசமாயிருச்சு. கத்தறதுக்கு வாயைத் தொறந்துட்டேன். தலையைத் தூக்கினா எதுத்த கரையில ஒரு பொம்பளை நிக்கிறா. அரபாஹோக்காரி. அவங்க பூமி அது. மேல வளைவுல அவங்க குடியிருப்பு இருக்கு, நான் கவனிக்கல. தோலு ஊறப்போட வந்திருக்கா. இவன் என்ன மண்ணைப் போட்டு அலசுறான்னு பாத்துட்டு நின்னா."

"நீ என்ன செஞ்ச?"

"தட்டைக் கவுத்துட்டேன். மேபின்கிட்ட வந்து ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

காய் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அவன் நம்பல. என் மூஞ்சியைப் பாத்தான். அவனும் எத்தனை தட்டு அரிச்சவன்? நொண்டிக்கிட்டே போயி, நான் நின்ன எடத்துலயே நின்னு அரிச்சான். அவன் கத்தினது மலையில பட்டுத் திரும்பி வந்துச்சு. எல்லாரும் ஓடி வந்துட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் அரிச்சாங்க. ரொம்ப இல்ல, கூலிக்குக் கட்டாதுன்னு வண்டிக் கூட்டத்துத் தலைவர் சொல்லிட்டார். கலிஃபோர்னியாவுல கை கையா அள்ளலாம், இதுக்குப் போயி நிக்கணுமான்னு மறுநாள் வண்டியைக் கட்டிட்டாங்க. மேபின் மட்டும் ஓடைக்கரையில ஒரு பெரிய மரத்தைக் கோடாரியால கொத்தி அடையாளம் போட்டான். அங்க ஒண்ணும் கிடைக்கலேன்னா திரும்பி இங்க வரலாம், நாலு பேருகிட்டச் சொல்லி ஆளைச் சேத்துட்டு வரலாம்னான். நான் வரலடான்னுட்டேன். காய்ச்சக்காரங்க ரெண்டு பேரு ஊருக்குத் திரும்பினாங்க. அவங்களோட திரும்பிட்டேன். அவங்க ரெண்டு பேரும் வழியிலயே..." அவன் கையை விரித்தான்.

"அந்தப் பொம்பளை?" என்றாள் ஐல்சி.

"கிளம்புறதுக்கு முன்னாடி போனேன். மறுபடி ஒரு தட்டு அரிச்சு, அந்தப் பொடியை உள்ளங்கையில வச்சு எடுத்துட்டுப் போயி அவகிட்டக் காட்டினேன். பாஷை தெரியல. பொடியைக் காட்டினேன். கிழக்கைக் காட்டினேன். ரெண்டு கையையும் விரிச்சு மூடி, விரிச்சு மூடி, நிறைய நிறையன்னேன். வண்டிச் சக்கரம் மாதிரி கையைச் சுத்திக் காட்டினேன். துப்பாக்கி மாதிரிக் காட்டினேன். வேர்த்துப்போச்சு எனக்கு. அவ என்ன நினைச்சா தெரியுமா?"

"என்ன?"

"நான் ஏதோ விக்க வந்திருக்கேன்னு நினைச்சுட்டா. இந்த மாதிரி எங்கிட்ட வண்டி வண்டியா இருக்கு, வேணுமான்னு கேக்கிறதா நினைச்சுட்டா. வேணாம்னு தலையை ஆட்டினா. நான் விடாம மறுபடியும் காட்டினேன். சிரிச்சா. அப்புறம் பாவமா இருந்திருக்கும். உள்ள போயி இதைக் கொண்டுவந்து கையில வச்சா."

அவன் சட்டைக்குள்ளிருந்து ஒரு தோல் துண்டைப் பிரித்தான். ஏதோ ஒரு காட்டுப் பழத்தை இடித்து வடகம் போலத் தட்டிக் காயவைத்தது. கருப்பாக, கடித்த அடையாளத்தோடு, பாதி இருந்தது. ஐல்சி அதை வாங்கி ஓரத்தில் ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டாள். நேக்கிக்கும் கொஞ்சம் கொடுத்தாள். மூன்று பேரும் அதை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"கொட்டையோட சேத்து இடிச்சிருக்கா" என்றாள் ஐல்சி. "பிள்ளைங்க இருக்கா அவளுக்கு?"

"ரெண்டு. ஒண்ணு முதுகுல."

"வீடு?"

"தோல் கூடாரம்தான். கம்பு நட்டுப் போத்தியிருக்காங்க."

"அப்ப சுருட்டிக் கட்டிரலாம்."

"கட்டிரலாம். ஒரு பொழுது ஆகாது."

"அடுப்புல வச்சதை விட்டுட்டு ஓட வேண்டியதில்ல."

"இல்ல."

ஐல்சி தலையை ஆட்டினாள். அது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்த மாதிரித் தெரிந்தது. காயை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். இரண்டு காய் உரித்திருப்பாள்.

"எங்கன போவா?"

"மலைப் பக்கம் போகலாம். பெரிய மலை."

"மலைக்கு அந்தப் பக்கம்?"

துனாயி குனிந்து காலில் கட்டியிருந்த தோலை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவிழ்க்கிற கை அப்படியே நின்றது.

"அந்தப் பக்கம்தான் மேபின் போயிருக்கான்" என்றான்.